பேஸ்பால் ஆய்வு வட்டம், வாஷிங்டன் வட்டாரம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே,

அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானப்படி, இந்த ஆண்டு முழுவதும் நம் வட்டம் ஒரே வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. 2022 ஆகஸ்ட் 2 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி ஹுவான் சோட்டோவையும் ஜாஷ் பெல்லையும் சான் டியாகோ பாட்ரேஸ் அணிக்குக் கொடுத்து ஆறு பேரை வாங்கியது. அந்த ட்ரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) கைமாறியவர்கள் மூன்று சீசனுக்கு மேல் ஆடி முடித்துவிட்டார்கள். இனித்தான் நிதானமாக எடைபோட முடியும் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தோம். மாதாந்திரக் கூட்டங்கள், வரவுசெலவு பற்றியவற்றை இறுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ட்ரேடின் பின்னணி

15 ஆண்டுக்கு 44 கோடி டாலர் என்று வாஷிங்டன் நீட்டிய ஒப்பந்தத்தைச் சோட்டோ ஏற்கவில்லை. அப்போது அவருக்கு 23 வயது. 2024 முடியும்வரை அவர் அணியின் கட்டுப்பாட்டில் இருந்தார் (தானாக வேறு அணிக்குப் போக முடியாது), அதாவது வாங்கும் அணிக்கு மூன்று அக்டோபர்கள், அதாவது மூன்று பிளேஆஃப் வாய்ப்புகள், கிடைக்கும். அவர் விலை அவ்வளவு ஏறியதற்கு இதுதான் காரணம். ஓராண்டு தாமதித்திருந்தால் வாஷிங்டனுக்கு இவ்வளவு கிடைத்திருக்காது என்பதில் நம் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

வாஷிங்டனுக்கு வந்தவர்கள்: ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே தடுப்பவர்) சி.ஜே. ஆப்ரம்ஸ், இடக்கைப் பிட்சர் (பந்து வீசுபவர்) மெக்கென்சி கோர், அவுட்ஃபீல்டர்கள் ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசல், பதினெட்டு வயதுப் பிட்சர் ஹார்லின் சுசானா, முதல் பேஸ் ஆட்டக்காரர் லூக் வாய்ட். முதலில் பேசப்பட்டது எரிக் ஹாஸ்மர். தன் ஒப்பந்தத்தில் இருந்த மறுப்புரிமையைப் பயன்படுத்தி அவர் வர மறுத்ததால் அந்த இடத்துக்கு வாய்ட் வந்தார். ஹாஸ்மரை அன்றே பாஸ்டனுக்கு அனுப்பினார்கள்.

எடைபோட்ட முறை

ஒவ்வொரு வீரருக்கும் ஐந்து கட்டங்கள் கொண்ட தாள் போட்டோம்: மீதமுள்ள கட்டுப்பாட்டு ஆண்டுகள், அந்த ஆண்டுகளுக்கான சம்பளம், களத்தில் தந்த பலன், உடல்நிலை, கடைசியாக அந்த வீரர் என்னவானார் (நீடிக்கிறாரா, விடுவிக்கப்பட்டாரா, வேறொருவராக மாற்றப்பட்டாரா).

முதல் இரண்டு கட்டங்களைப் பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள். மேஜர் லீகில் 172 நாள் பதிவானால் ஓராண்டு சேவை. அப்படி ஆறு ஆண்டு முடிந்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட், விரும்பிய அணிக்குப் போகலாம். முதல் மூன்று ஆண்டு பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே போகும், பிறகு ஆர்பிட்ரேஷன் (நடுவர் வழி சம்பளத் தீர்வு). அந்தக் குறைந்தபட்சம் 2022இல் 7 லட்சம் டாலர், 2023இல் 7.2 லட்சம், 2024இல் 7.4 லட்சம், 2025இல் 7.6 லட்சம். சோட்டோவுக்கோ 2022இல் 1.71 கோடி, 2023இல் 2.3 கோடி. 182 நாள் சீசனில் எஞ்சியிருந்த 64 நாளுக்கு ஏறத்தாழ 60 லட்சம், அடுத்த ஆண்டுக்கு 2.3 கோடி, ஆக பாட்ரேஸுக்கு அவரால் ஆன சம்பளச் செலவு சுமார் 2.9 கோடி டாலர். இதைத் தாளில் எழுதாமல் ‘யார் நல்ல ஆட்டக்காரர்’ என்று மட்டும் கேட்டால் சோட்டோ பக்கம்தான் எப்போதும் தராசு சாயும். ட்ரேடில் நாம் கேட்க வேண்டியது அதுவல்ல.

பலனை அளக்க ‘வார்’ (WAR) எண்ணைப் பயன்படுத்தினோம்; எளிதில் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரரைவிட ஒருவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்பதன் மதிப்பீடு அது. பிட்சர்களுக்கு இந்த எண் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் கணக்கு அவர் விட்ட ரன்களிலிருந்து தொடங்குகிறது. ஃபேன்கிராஃப்ஸ் கணக்கு முக்கியமாக ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), வாக் (நான்கு தவறான பந்தால் முதல் பேஸ்), ஹோம் ரன் ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறது. கோர் போல ஸ்ட்ரைக்அவுட் நிறைய எடுத்தும் ரன் விடுகிற பிட்சருக்கு இரண்டும் ஒத்துப்போகாது. எதை எடுத்தாலும் சரி, எல்லா வீரருக்கும் அதையே எடுக்க வேண்டும். ஒரு தாளில் ஒன்று, அடுத்ததில் இன்னொன்று என்று கலந்தால் ஒப்பீடே பாழாகிவிடும்.

தாள்களில் கண்ட பிழைகள்

சரிபார்ப்புக் குழு சுட்டிக்காட்டியவற்றைப் புதிய உறுப்பினர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

இன்னிங்ஸ் எழுதும் முறைதான் அதிகம் தொல்லை கொடுத்தது. 173.2 என்றால் 173 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், அதாவது 173⅔. கணினி அட்டவணை அதைச் சாதாரணத் தசமமாகவே எடுத்துக்கொள்ளும். மைக்கேல் கிங்கின் 2024 கணக்கில் 57 ரன்னை 9ஆல் பெருக்கி 173.2ஆல் வகுத்தால் 2.96 வரும், சரியான ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்ட ரன்) 2.95. ஒருவருக்கு இது அற்ப வித்தியாசம். பல பிட்சர்களின் இன்னிங்ஸைக் கூட்டும்போது அவுட்டுகளே தொலைந்துவிடும். இன்னிங்ஸை அவுட்டாக மாற்றி (173⅔ என்றால் 521 அவுட்) வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அடுத்தது, சீசன் நடுவில் அணி மாறியவர்களின் மொத்த வரி. ஜாஷ் பெல் 2022இல் மொத்தம் அடி சராசரி .266, 17 ஹோம் ரன். இதை அப்படியே எடுத்தால் சுமாரான ஆட்டம் என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் வாஷிங்டனில் .301, 14 ஹோம் ரன், சான் டியாகோவில் .192, வெறும் 3. வாங்கிய அணிக்குக் கிடைத்தது இரண்டாவது வரி மட்டுமே.

மூன்றாவது, சங்கிலி ட்ரேடில் (ட்ரேடில் வந்தவரை மறுபடி ட்ரேட் செய்வதில்) இரட்டைக் கணக்கு. அதைச் சான் டியாகோ பகுதியில் விளக்குகிறேன்.

வாஷிங்டனுக்கு வந்தவர்கள்

ஜேம்ஸ் வுட். ட்ரேட் நடந்தபோது வயது 19, பாட்ரேஸின் மைனர் லீக் அணியான லேக் எல்சினோரில் .337 அடித்துக்கொண்டிருந்தார். ஆறரை அடிக்கு மேல் உயரம். இவ்வளவு உயரமானவரை மதிப்பிடும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: கை நீளமானதால் மட்டை சுற்றிவர நேரம் பிடிக்கும், ஸ்ட்ரைக் பகுதியும் பெரிதாகும். ஆகவே ஸ்ட்ரைக்அவுட் கூடும் என்று அன்றே எழுதியிருக்க வேண்டும். 2025இல் 31 ஹோம் ரன், 94 ஆர்.பி.ஐ. (அவர் அடியால் வந்த ரன்) அடித்தார், ஆல்-ஸ்டார் ஆனார், கூடவே 221 முறை ஸ்ட்ரைக்அவுட். மார்க் ரெனால்ட்ஸின் 223 என்ற சாதனைக்கு இரண்டே குறைவு. அதே ஆண்டு ஜூன் 29 அன்று ஏஞ்சல்ஸ் அணி ஒரே ஆட்டத்தில் நான்கு முறை வேண்டுமென்றே அவருக்கு வாக் கொடுத்தது. 2004இல் பாரி பாண்ட்ஸுக்குப் பிறகு அது யாருக்கும் நடக்கவில்லை. எதிரணி ஒருவரை எப்படி மதிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2030 வரை கட்டுப்பாடு உள்ளது. மட்டையில் பட்ட பந்து வேகமாகப் போகிறது. ஆனால் தரையோடு போவது அதிகம். அதே வேகத்தில் பந்து இன்னும் சற்று மேலே எழுந்தால் 40 ஹோம் ரன் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இந்த ட்ரேடின் நடுத்தூண் இவரே என்பது குழுவின் ஒருமித்த முடிவு.

சி.ஜே. ஆப்ரம்ஸ் குறித்துத்தான் நீண்ட விவாதம் நடந்தது. 2023இல் 18 ஹோம் ரன், 47 ஸ்டீல் (பேஸ் திருட்டு). 2024இல் 20 ஹோம் ரன், 31 ஸ்டீல், ஆல்-ஸ்டார். மட்டையும் காலும் போதிய அளவு தந்துவிட்டன. குறை தடுப்பில். ஷார்ட்ஸ்டாப்பில் அவர் எட்டும் எல்லையும் எறியும் துல்லியமும் லீகின் கீழ்வரிசையில் இருக்கின்றன. இதற்கு வாரில் இரண்டு பக்கக் கணக்கு உண்டு: ஷார்ட்ஸ்டாப் என்ற கடினமான இடத்துக்கு எண் கூடும், மோசமான தடுப்புக்கு அதே எண் குறையும். இரண்டாம் பேஸுக்கோ சென்டர் ஃபீல்டுக்கோ மாற்றினால் முதல் கூட்டல் குறையும், இரண்டாவது கழித்தலும் குறையும். மாற்ற வேண்டும் என்றே நான் கருதுகிறேன்; உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மெக்கென்சி கோர் 2017 டிராஃப்டின் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின்) மூன்றாவது தேர்வு. முழங்கை வீக்கத்தால் காயப் பட்டியலில் இருக்கும்போதே வாங்கப்பட்டவர். ட்ரேடில் இரு அணிகளும் மருத்துவக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்வது வழக்கம். அதைப் படித்த பிறகுதான் வாஷிங்டன் சம்மதித்தது. அந்தக் கணிப்பு பலித்தது. 2023இல் 27, 2024இல் 32, 2025இல் 30 ஆட்டங்களைத் தொடங்கினார். 2024இல் 166⅓ இன்னிங்ஸ், 181 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 3.90. 2025 முன்பாதியில் 3.02 வைத்து ஆல்-ஸ்டார் ஆகி, பின்பாதியில் சரிந்து 4.17இல் முடித்தார். தாளில் ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள்: 2024இல் ஓர் ஆட்டத்துக்கு 5.2 இன்னிங்ஸ், 2025இல் 5.3. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பின்பும் பேட்டரை முடிக்க நிறையப் பந்து வீசினார். ஐந்தாம், ஆறாம் இன்னிங்ஸிலேயே நூறு பந்தை நெருங்கிவிட்டார். மீதி மூன்று நான்கு இன்னிங்ஸ் பலவீனமான புல்பென்னின் (பின்னால் வந்து வீசும் பிட்சர்களின்) தலையில் விழுந்தது. அவருடைய 2025இன் 5-15 வெற்றி-தோல்விக் கணக்கில் இதற்கும் பங்குண்டு, அணி ரன் எடுக்காததற்கும் பங்குண்டு. பிட்சரின் வெற்றி-தோல்வியை மதிப்பீட்டுத் தாளில் எழுத வேண்டாம் என்ற நம் விதி இங்கே உறுதிப்பட்டது.

ராபர்ட் ஹாசல் 2020இன் எட்டாவது தேர்வு. ட்ரேட் நடந்த சில மாதங்களில் அரிசோனா ஃபால் லீகில் மணிக்கட்டின் ஹாமேட் எலும்பு முறிந்தது. மட்டையின் கைப்பிடிக் குமிழ் உள்ளங்கையில் அழுத்தும் இடத்தில் இருக்கும் சிறிய எலும்பு அது. குணமாவது விரைவாக நடந்தாலும் அடியில் பலம் திரும்ப ஒரு சீசன்கூட ஆகலாம். 2025 மே மாதம்தான் மேஜர் லீகுக்கு வந்தார். இதுவரை எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. சுசானா மணிக்கு 100 மைலுக்கு மேல் வீசுபவர். 2025இல் காயம், அந்த ஆண்டு முடியும்வரை மேஜர் லீகுக்கு வரவில்லை. வாய்ட் 2022 நவம்பரிலேயே விடுவிக்கப்பட்டார். அவருக்கு அதன்பின் பூஜ்யம் போட வேண்டும். சம்பளம் போகாதபோது கழித்தல் கூடாது.

சான் டியாகோ பக்கம்

2022இல் 89 வெற்றி, 111 வெற்றி பெற்ற டாட்ஜர்ஸை வீழ்த்தி லீக் இறுதிவரை சென்றார்கள். அந்த ஆண்டு சான் டியாகோவுக்கு வந்த பிறகு சோட்டோ .236தான். 2023இல் 162 ஆட்டத்திலும் இறங்கி 35 ஹோம் ரன், 109 ஆர்.பி.ஐ., 132 வாக் தந்தார், அணியோ 82-80. ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் 9-23, கூடுதல் இன்னிங்ஸில் 2-12. இந்தக் கணக்கை வைத்துச் சோட்டோ வாங்கியது வீண் என்று பேசியவர்கள் உண்டு. அணியின் வெற்றியை ஒரு வீரரின் தாளில் ஏற்றுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு சீசன் போதும்.

2023 நவம்பரில் அணி உரிமையாளர் பீட்டர் சைட்லர் காலமானார். சம்பளச் செலவும் குறைக்கப்பட்டது. டிசம்பரில் சோட்டோவும் ட்ரென்ட் கிரிஷமும் யாங்கீஸுக்குப் போனார்கள். வந்தவர்கள் மைக்கேல் கிங், ட்ரூ தார்ப், ஜோனி பிரிட்டோ, ராண்டி வாஸ்கெஸ், கேட்சர் கைல் ஹிகாஷியோகா. கிங் அதுவரை பெரும்பாலும் ரிலீவர் (ஆட்டத்தின் இடையில் வந்து வீசுபவர்); 2023இல் 104⅔ இன்னிங்ஸ் மட்டுமே வீசியிருந்தார். அவரைத் தொடக்கப் பிட்சராக நம்பியதுதான் துணிச்சல். 2024இல் 201 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 2.95. ஹிகாஷியோகா 17 ஹோம் ரன்.

தார்ப்பை 2024 மார்ச்சில் ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்து டிலன் சீஸை வாங்கினார்கள். இங்கேதான் இரட்டைக் கணக்கு புகுந்தது: தார்ப்புக்கும் மதிப்பு, சீஸுக்கும் மதிப்பு. தார்ப் போனதும் அவர் தாளை மூடிவிட்டு, சீஸின் தாளில் அவருக்காகச் சேர்த்துக் கொடுத்த ஹைரோ இரியார்ட்டே, ஸ்டீவன் வில்சன், சாமுவேல் சவாலா ஆகிய மூவரின் மதிப்பைக் கழிக்க வேண்டும். சீஸ் 2024 ஜூலை 25 அன்று நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம்) வீசினார், 114 பந்தில். எதிரணி வாஷிங்டன், மைதானம் நேஷனல்ஸ் பார்க், கடைசி அவுட் ஆப்ரம்ஸ். சோட்டோவைக் கொடுத்து வந்தவரை, சோட்டோ வழியாக வந்தவர் வீழ்த்திய அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையை உறுப்பினர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

கிரிஷமை யாங்கீஸின் தாளில் முதல் ஆண்டு யாரும் பொருட்படுத்தவில்லை. 2024இல் .190 அடித்தவர் 2025இல் 34 ஹோம் ரன் அடித்தார். துணைக்கு வந்தவரின் தாளையும் கட்டுப்பாட்டு ஆண்டு முடியும்வரை திறந்தே வைக்க வேண்டும்.

குழுவின் முடிவு

ட்ரேடை நான்கு தருணங்களில் தனித்தனியாக மதிப்பிட வேண்டும்: நடந்த அன்று, முதல் முழு சீசன் முடிவில், மூன்றாம் ஆண்டு முடிவில், கடைசி வீரரின் கட்டுப்பாடு முடியும்போது. அன்று எழுதியதைப் பின்னால் திருத்தக் கூடாது. முடிவெடுத்தவர்களிடம் அன்று என்ன தகவல் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. மூன்றாம் ஆண்டு மதிப்பீட்டின்படி வாஷிங்டனுக்கு மூன்று ஆல்-ஸ்டார்கள் கிடைத்திருக்கிறார்கள். இளம் வீரர்களை வாங்கும் ட்ரேடில் இது அரிது. அணியின் பொது மேலாளராக இருந்த மைக் ரிஸ்ஸோவின் அலுவலகம் செய்த மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று என்று துணிந்து எழுதலாம். ஆனாலும் அணி 2023, 2024 இரண்டிலும் 71-91, 2025இல் 66-96. 2025 ஜூலையில் ரிஸ்ஸோவும் மேலாளர் டேவ் மார்டினெஸும் நீக்கப்பட்டார்கள். ட்ரேட் தோற்றதால் இது நடக்கவில்லை. டிராஃப்ட் தேர்வுகள் வளர்ந்து மேலே வராததும், புல்பென்னுக்குச் செலவிடாததும் வேறு தாளுக்கு உரியவை. சான் டியாகோ நஷ்டப்பட்டது என்று சொல்வதையும் குழு ஏற்கவில்லை. சோட்டோவின் ஒன்றரை ஆண்டு ஆட்டத்துக்குப் பிறகு 3.1 கோடி சம்பளச் சுமை இறங்கியது, அந்த இடத்தில் 2024இன் இரு முன்னணிப் பிட்சர்கள் வந்தார்கள்.

பிற பணிகள்

20 முதல் 80 வரையிலான ஸ்கவுட் (வீரர்களின் திறனை மதிப்பிடுபவர்) அளவுகோல் பற்றிய பயிற்சி புதிய உறுப்பினர்களுக்கு நடந்தது. 50 என்பது மேஜர் லீக் சராசரி என்பது மனதில் பதியும்வரை மற்ற எண்கள் புரியாது. ஆகவே அந்தப் பயிற்சி வரும் ஆண்டும் தொடரும். வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அடுத்த ஆண்டுக்கு இரு ட்ரேடுகளைச் செயற்குழு முன்மொழிகிறது. ஒன்று, 2024 டிசம்பரில் காரெட் கிரோஷே பாஸ்டனுக்குப் போனது. ஒயிட் சாக்ஸுக்கு வந்த கைல் டீலும் சேஸ் மைட்ராத்தும் 2025லேயே மேஜர் லீகுக்கு வந்துவிட்டதால் முதல் சீசன் மதிப்பீடு செய்யலாம். மற்றது, 2025 ஜூனில் ரஃபேல் டெவர்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. நீண்ட ஒப்பந்தத்தின் சம்பளச் சுமையை எப்படிக் கணக்கிடுவது என்று கற்க இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. அதில் பாஸ்டனுக்கு வந்த ஜேம்ஸ் டிப்ஸ் அடுத்த மாதமே டஸ்டின் மே என்ற பிட்சருக்காக டாட்ஜர்ஸுக்கு அனுப்பப்பட்டதால், சங்கிலிக் கணக்கில் மேலே சொன்ன விதியைத் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும்.

தாள்களைச் சரிபார்த்த குழுவினருக்கும், கூடத்தைத் தந்துதவியவர்களுக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறும், மேற்கண்ட இரு ட்ரேடுகளில் எதை முதலில் எடுப்பது என்பதைக் கைதூக்கித் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்