வெள்ளியைப் பார்த்த பையன்

மாப்ளே,

கடிதம் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். வாத்தியாரைச் சந்தையில் பார்த்தேன், உன்னைத்தான் முதலில் விசாரித்தார், இன்னும் உன்னை 'மொட்டை மாடி' என்றுதான் கூப்பிடுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2004 ஜூனில் வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போனதைப் பெருந்துறையில் பார்த்தோமே, அதை முதன்முதலில் பார்த்ததாகப் பதிவு இருப்பது இரண்டே பேருக்குத்தான். வருஷம் 1639. மச் ஹூல் என்ற இங்கிலாந்துக் கிராமத்தில் ஜெரமையா ஹாராக்ஸ், மான்செஸ்டர் பக்கம் வில்லியம் கிராப்ட்ரீ. கிராப்ட்ரீ உன்னைப் போல ஜவுளி வியாபாரி!

வெள்ளி அப்படிக் குறுக்கே போவது 1631க்கு அப்புறம் 1761இல்தான் என்று வானியல் அறிஞர் கெப்ளர் கணக்குப் போட்டிருந்தார். டிகிரி வாங்காமல் கேம்பிரிட்ஜை விட்டு வந்த இந்த இருபது வயசுப் பையன் ஹாராக்ஸ், இல்லை, இந்த நவம்பரிலேயே வரும் என்று கண்டுபிடித்து கிராப்ட்ரீக்கு எழுதினான், நீயும் பார் என்று. அன்றைக்கு ஞாயிறு, வானம் பூரா மேகம். மூணேகாலுக்குத்தான் விலகியது. டெலஸ்கோப் வழியாக ஆறு அங்குல வட்டத்தில் சூரியனை விழ வைத்திருந்தான், அதன் மேல் கருப்பாக உருண்டையாக வெள்ளி! அரைமணி நேரத்தில் சூரியன் இறங்கிவிட்டது. அதற்குள் மூன்று முறை அளந்து, பிற்பாடு, சூரியன் 9 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது என்று கணித்துவிட்டான். உண்மையில் 15 கோடி, ஆனால் கெப்ளர் சொன்னதோ இவன் சொன்னதில் கால்வாசிகூட இல்லையடா. கிராப்ட்ரீ பார்த்த அதிசயத்தில் மலைத்து நின்றுவிட்டார், அளப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

1641 ஜனவரியில், கிராப்ட்ரீயைப் பார்க்கப் புறப்பட இருந்த நாளுக்கு முந்தின நாள், ஹாராக்ஸ் திடீரென்று செத்துப்போனான். 22 வயசு. அவன் கடிதங்களைக் கட்டாகக் கட்டி, என் அருமை ஹாராக்ஸை இழந்தேன் என்று அதன் மேல் கிராப்ட்ரீ எழுதி வைத்தார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை மாப்ளே. அவன் எழுதிய புத்தகம் அச்சானது 1662இல். பல காகிதங்கள் எரிந்தும் தொலைந்தும் போயின. சந்திரனைப் பற்றி அவன் செய்த வேலையை நியூட்டனே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார், ஆனால் நாம் பன்னிரண்டாவது முடிக்கிறவரை ஒரு வாத்தியாராவது அவன் பேரைச் சொன்னாரா?

நம்ம பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் சொல்லப்போகிறேன், ஹெட்மாஸ்டர் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நீயும் டெலஸ்கோப்போடு வா, அட்டையில் சூரியனை விழ வைத்துக் காட்ட வேண்டும். ஸ்டாண்டின் திருகு கழண்டு கிடந்ததே, மாற்றிவிட்டாயா?

உன்,
பங்காளி