வைஃபை அறுந்தால் ரூட்டரையா மாற்றுவது?

ஆசிரியருக்கு,

மடிக்கணினியில் வைஃபை அடிக்கடி அறுந்தால் உடனே ரூட்டரை மாற்றச் சொல்கிறார்கள். பெரும்பாலும் வீண் செலவு. அதே இடத்தில் கைபேசியில் வைஃபை சீராக வருகிறதா பாருங்கள். வந்தால் கோளாறு பெரும்பாலும் மடிக்கணினியில்தான். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் (கணினியின் பாகங்களைக் காட்டும் பட்டியல்) வைஃபை அடாப்டரின் (வைஃபையை வாங்கும் உள்பாகம்) பிராப்பர்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த அடாப்டரை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். (சில புது மாடல்களில் அந்தப் பகுதியே இருக்காது, தயாரிப்பாளர் தளத்திலிருந்து டிரைவரை, அதாவது அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருளை, புதுப்பித்துப் பாருங்கள்.)

கைபேசியும் தடுமாறினால் அலைவரிசை நெரிசலை, அதாவது அக்கம்பக்கத்து வைஃபைகள் ஒன்றோடொன்று மோதுவதை, சந்தேகிக்கலாம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 மட்டுமே. அடுக்குமாடிக்கு அது எந்த மூலைக்கு? ரூட்டர் உள்ள அறையிலேயே உட்காருபவர்கள் வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். சுவர் தாண்டினால் அது சட்டெனப் பலமிழக்கும். செருகியிருக்கும் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கூட 2.4-ஐக் குலைக்கும், கழற்றிப் பாருங்கள்.

கணினி பழுது பார்ப்பவர்,
மதுரை.