மேல் தட்டு உழவில்லாமல் கிடக்கிறது

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. கத்தரி நன்றாக வந்தது. நம் பத்தீர் ஊர்க் கத்தரி என்றால் பெத்லகேம் சந்தையில் இப்போதும் தனி மரியாதைதான். ஊற்றுத் தண்ணீர் போன முறை புதன்கிழமை வந்தது, இந்த முறை வியாழன். எட்டுக் குடும்பத்துக்கு எட்டு நாள். நம் ஊர் வாரம் உன் ஆபீஸ் காலண்டருக்கு ஒத்துவராது. குளத்தில் நம் பங்குத் தண்ணீரைக் கோடு போட்ட குச்சி விட்டு அளக்கத் தம்பி போனான். உன்னைப் போல் அவனுக்குக் கோடு பார்க்க வராது.

குன்றுச் சரிவில் நம் மேல் தட்டு நிலம் இரண்டு குளிர்காலமாக உழவில்லாமல் கிடக்கிறது. 1858-ல் துருக்கிக்காரன் போட்ட நிலச்சட்டம் உனக்குத் தெரியாததில்லை. மூன்று வருஷம் உழாத நிலம் அரசுக்குப் போகலாம். அதை வைத்துத்தான் இஸ்ரேல்காரர்கள் குன்று குன்றாக 'அரசு நிலம்' என்று அறிவிக்கிறார்கள். நம் கல் அடுக்குகளை யுனெஸ்கோ 2014-ல் உலகப் பாரம்பரியச் சொத்து என்றது. அந்த எல்லைக்குள்ளேயே நஹல் ஹெலெட்ஸ் என்ற யூதக் குடியேற்றத்துக்கு 2024 ஆகஸ்டில் சுமார் 600 துனம், அதாவது ஏறக்குறைய 150 ஏக்கர், ஒதுக்கிவிட்டார்கள். அதனால் உழ வேண்டும்.

நீ அனுப்பிய பணம் வந்தது. ஆள் வைத்து உழலாம் என்று எழுதியிருந்தாய். வைக்கலாம். 2023 அக்டோபரில் இஸ்ரேலுக்கு வேலைக்குப் போகும் பெர்மிட் நின்றதிலிருந்து ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் யாருடைய நிலம் என்று ராணுவக்காரன் கேட்டால் கூலிக்காரன் என்ன சொல்வான்?

உன் பாட்டி ஜன்னலில் விளக்கேற்றிய கதையை நூறு தடவை கேட்டிருப்பாய். 1948 போரில் ஊரார் பெரும்பாலும் ஓடிப்போன பிறகு, நம் ஊர்த் தலைவர் ஹசன் முஸ்தபா சொன்னபடி கொடியில் துணி காயப்போட்டு, ஆள் நிறைய இருப்பதாகக் காட்டினார்கள். 1949-ல் பச்சைக் கோடு, அந்தப் போர்நிறுத்த எல்லை, ரயில் பாதையை ஒட்டி விழுந்தது. ரயிலில் கை வைக்காதவரை கோட்டுக்கு அந்தப் பக்கத்து நிலத்தையும் நாமே உழலாம் என்று இஸ்ரேல்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆளில்லாத ஊருக்கு அப்படிச் சொல்லியிருப்பார்களா?

உன்னைக் குறை சொல்லவில்லை. டோர்ட்முண்டில் இன்ஜினியர் என்று பள்ளிவாசலில் கேட்காதவரிடமும் சொல்கிறேன். அங்கே வீடு பார்க்கிறாயாம், அக்கா சொன்னாள். நல்லது. எத்தனை வருஷக் கடன் என்று மட்டும் எழுது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மேல் தட்டு இப்படி ஆனதற்குக் காரணம் நீ இல்லை. 2004-லிருந்து பதினொரு வருஷம் ஜெருசலேமில் வேலை என்று உங்களிடம் சொன்னேனே, அது ஜெருசலேம் இல்லை. பக்கத்து யூதக் குடியேற்றம் பெய்தார் இல்லித்தில் கொத்து வேலை. அங்கே கூலி இங்கே கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு. உன் காலேஜ் ஃபீஸ் அதில் கட்டியதுதான். கல்லுக்குக் கல் பொருத்த உன் தாத்தா இந்த அடுக்கில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கைப்பழக்கத்தைக் கொண்டுபோய் அங்கே விற்றேன். இங்கே நம் சுவர் சரிந்துகொண்டிருந்தது. சரிந்த தட்டில் ஏர் ஏறாது. மேலே நின்றால் நான் கட்டிய வரிசை வீடுகள் தெரியும். முட்டிவலியால் ஏற முடியவில்லை என்று நான் சொல்வது பொய். வலி அம்மாவுக்குத்தான்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

ஒலிவம் பறிக்க அக்டோபர் நடுவில் ஆரம்பிப்போம். அம்மான் வழியாக வந்தால் ஜோர்டான் எல்லைப் பாலத்தில் ஒரு பகல் போய்விடும், சாப்பாடு கையில் வைத்துக்கொள். வர முடியாவிட்டால் அதையாவது எழுது. சுவருக்குக் கல் பொறுக்கிக் குவித்திருக்கிறேன். பெரியப்பாவின் கழுதையையும் இரண்டு நாளைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்பா