ஸ்லோ மோஷனில் எல்லோரும் குற்றவாளிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

வி.ஏ.ஆர். (நடுவரின் முடிவை வீடியோவில் சரிபார்க்கும் முறை) வந்த பிறகும் கால்பந்தில் சண்டை ஓயவில்லை, அதனால் நடுவர்களைத்தான் மாற்ற வேண்டும் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோபம் நியாயம்தான், எனக்கும் அது உண்டு. ஆனால் கோல் கோட்டைத் தாண்டிய பந்தையும் கையில் பட்ட பந்தையும் ஒரே தராசில் வைத்துவிட்டார் கட்டுரையாளர், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. சின்னச் சின்ன லீக் ஆட்டங்களில் 11 வருடம் விசில் ஊதியிருக்கிறேன், வாயில் வராத திட்டெல்லாம் வாங்கியிருக்கிறேன், ஒருமுறை பின்வாசல் வழியாக வெளியேறியிருக்கிறேன்.

கேமராவால் தீரக்கூடிய சண்டை எது என்று முதலில் பார்ப்போம். 2010 ஜூன் 27, தென் ஆப்பிரிக்காவில் உலகக் கோப்பை நாக்அவுட் சுற்று. ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டு, கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே துள்ளியது. கோல்கீப்பர் நோயர் ஒன்றுமே நடக்காதது மாதிரி பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார், நடுவரும் ஓடிக்கொண்டே இருந்தார். அதே நாள் இரவு அர்ஜென்டினா மெக்சிகோ ஆட்டத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. அர்ஜென்டினாவின் டெவெஸ் ஆஃப்சைடில், அதாவது பந்து அடிக்கப்படும்போதே எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி, நின்று தலையால் முட்டி கோல் போட்டார், மைதானத்தின் பெரிய திரையில் அந்தக் காட்சி மறுபடியும் ஓடியது, மெக்சிகோ வீரர்கள் திரையைக் காட்டிக் கத்தினார்கள், நடுவர் ரொசெட்டி உதவி நடுவரிடம் போய்ப் பேசினார், கடைசியில் கோல் கோல்தான் என்று நின்றது. அன்றைய விதிப்படி திரையைப் பார்த்து அவர் முடிவை மாற்ற முடியாது. அரங்கம் முழுக்கப் பார்த்துவிட்ட ஒன்றை ஒரே ஒரு ஆள் மட்டும் பார்க்காததுபோல் இருக்க வேண்டிய நிலை. (அதே ரொசெட்டிதான் 2018 உலகக் கோப்பையில் வி.ஏ.ஆர். திட்டத்தை முன்னின்று நடத்தினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.)

இந்த மாதிரித் தவறுகளுக்குத் தொழில்நுட்பம் மருந்துதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. 2012-இல் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது, 2014 உலகக் கோப்பையில் வந்தது, பந்து உள்ளேயா வெளியேயா என்ற பேச்சு கிட்டத்தட்ட நின்றே போனது. 2022-இல் கத்தாரில் ஆஃப்சைடைக் கண்டுபிடிக்கக் கூரையடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை கணக்கெடுத்தன, பந்துக்குள் இருந்த கருவி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. மெஷினும் சறுக்கும், அதுவும் உண்மை. 2020 ஜூனில் ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் பந்தோடு கோட்டுக்குள் போய் நின்றார், வீரர்கள் கூட்டமாக நின்று கேமராக்களை மறைத்துவிட்டதால் கோல் என்று சொல்ல அதிர வேண்டிய நடுவரின் கைக்கடிகாரம் அதிரவே இல்லை. வில்லா அந்த சீசனில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இங்கிலாந்தின் முதல்நிலையான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்காமல் தப்பித்தது. கீழே போனது போர்ன்மத், பாவம். ஆனாலும் அங்கே சரியான விடை என்று ஒன்று இருந்தது, கருவி அதைத் தவறவிட்டது, அவ்வளவுதான்.

ஹேண்ட்பாலுக்கு, அதாவது பந்து கையில் பட்டது குற்றமா என்பதற்கு, அப்படி ஒரு விடை இருக்கிறதா?

2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், மாஸ்கோ. பிரான்ஸ் 1, குரோஷியா 1. கார்னரில் வந்த பந்தை பிரான்சின் மட்யூடி தலையால் முட்டப் பாய்ந்து தவறவிட, பின்னால் நின்ற குரோஷியாவின் பெரிசிச்சின் கையில் பட்டு வெளியே போனது. அர்ஜென்டினா நடுவர் பித்தானா முதலில் ஒன்றும் தரவில்லை. காதில் செய்தி வந்தது, ஓரத்தில் இருந்த திரைக்கு ஓடினார், பார்த்தார், திரும்பி நடக்கத் தொடங்கினார், சட்டென்று மறுபடியும் திரைக்கே போய்ப் பார்த்தார். அந்த இரண்டாவது பார்வை இருக்கிறதே, நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். விதி சொல்வது "தெளிவான, வெளிப்படையான தவறு" இருந்தால் மட்டும் முடிவை மாற்று என்று. தெளிவாக இருந்தால் இரண்டாவது முறை எதற்குப் பார்க்க வேண்டும்? பெனால்டி கொடுத்தார், பிரான்சின் கிரீஸ்மான் அடித்தார், ஆட்டம் 4-2 என்று பிரான்சுக்கு முடிந்தது. இன்று வரைக்கும் நாலு பேரைக் கேட்டால் இரண்டு பேர் பெனால்டி என்பார்கள், இரண்டு பேர் இல்லை என்பார்கள், அந்த நாலு பேரும் பார்ப்பது ஒரே வீடியோவைத்தான்.

இன்னொரு வேடிக்கை. அதே ஆட்டத்தின் முதல் கோல் வந்தது கிரீஸ்மான் கீழே விழுந்து வாங்கிய ஃப்ரீ கிக்கில். அவர் தானாக விழுந்தார் என்று சொன்னவர்கள் ஏராளம். அதை வி.ஏ.ஆர். தொடவே முடியாது, ஏனென்றால் அங்கே விதி அனுமதித்தது கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் (தப்பான ஆளுக்கு அட்டை காட்டுவது) ஆகிய நான்கை மட்டும்தான், ஃப்ரீ கிக் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக ஒரே ஆட்டத்தில் ஒரு சந்தேகத்துக்கு முப்பது கோணம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை!

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அரையிறுதி, கடைசிப் பத்து நிமிடம். பெனால்டி பெட்டிக்குள் தடுப்பாட்டக்காரர் சறுக்கி வந்து பந்தைத் தட்டினார், எதிரணிக்காரர் உருண்டார். நான் ஏழெட்டு அடி தூரத்தில் இருந்தேன், முதலில் பந்து என்று பட்டது, ஆட்டத்தை விட்டுவிட்டேன். முடிந்ததும் ஒரு பையன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். நிறுத்தி வைத்த படம், பூட்ஸின் அடிப்பாகம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பதிந்திருக்கிறது, சாக்ஸ் உள்ளே அமுங்கியிருப்பது கூடத் தெரிகிறது. எனக்கே வயிற்றைக் கலக்கியது. சரி, இதையே சாதாரண வேகத்தில் ஓடவிடு என்றேன். ஓடவிட்டான். பந்து விலகுகிறது, கால் அதே வேகத்தில் போய் உரசுகிறது, முடிந்தது. அவனே ஒரு நிமிடம் பேசவில்லை, அப்புறம் மறுபடி நிறுத்திய படத்துக்கே போனான். நான் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நிறுத்திய படத்தில் உரசல் தெரியும், வேகம் தெரியாது. மெதுவாக ஓட்டினால் எல்லாமே வேண்டுமென்று செய்தது போலத் தெரியும், ஏனென்றால் யோசிக்க அவனுக்கு நேரம் இருந்தது என்று நம் மூளை நினைத்துக்கொள்கிறது. இது என் சொந்தக் கற்பனை இல்லை. 2016-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அதில் ஒரு கொலைக் காட்சியும் இருந்தது, அமெரிக்கக் கால்பந்தில் ஹெல்மெட்டோடு மோதும் காட்சியும் இருந்தது. மெதுவாகப் பார்த்தவர்கள், உள்நோக்கத்தோடு செய்தான் என்று சொல்வது கூடியது. வி.ஏ.ஆர். நெறிமுறையே இதை ஒப்புக்கொள்கிறது. எங்கே பட்டது, பந்து வெளியே போனதா என்பதற்கு ஸ்லோ மோஷன், எவ்வளவு பலமாக மோதினான், ஹேண்ட்பால் குற்றமா இல்லையா என்பதற்குச் சாதாரண வேகம் என்று அதில் எழுதியே இருக்கிறது. ஆனால் வீட்டில் டிவி பார்க்கும் நமக்கு எந்த வேகத்தில் காட்டுகிறார்கள்? அதைப் பார்த்துவிட்டுத்தானே நடுவரைக் குருடன் என்கிறோம்.

அமெரிக்கக் கால்பந்து என்றதும் ஞாபகம் வருகிறது, இதே பாடத்தை அவர்களும் கசப்பாகப் படித்தார்கள். 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில், அவர்களுடைய பெரிய லீக்கான என்.எஃப்.எல்.-இன் அரையிறுதிக்குச் சமமான ஆட்டம். பந்து வந்து சேருவதற்கு முன்பே ராம்ஸ் தடுப்பாட்டக்காரர் செயின்ட்ஸ் வீரரை மோதித் தள்ளினார், தவறு என்று நடுவர் கொடி வீசவில்லை, ராம்ஸ் கூடுதல் நேரத்தில் 26-23 என்று ஜெயித்தது. ஊரே கொதித்தது. அடுத்த சீசனுக்கு அந்த வகைத் தவறையும் ரீப்ளேயில் பார்க்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். என்ன ஆனது? பயிற்சியாளர்கள் கேட்டுக்கேட்டுப் பார்த்தார்கள், மறுஆய்வு செய்தவர்கள் பெரும்பாலும் முடிவை மாற்ற மறுத்தார்கள், எது போதுமான அளவு தெளிவு என்பதில் வாரத்துக்கு ஒரு சண்டை. ஒரே வருடத்தில் விதியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவர்களிடம் இல்லாத கேமராவா?

ஆகவே வி.ஏ.ஆரையே ஒழி என்று சொல்ல நான் வரவில்லை. 2024-இல் வுல்வ்ஸ் கிளப் அப்படித்தான் கேட்டது, பிரீமியர் லீக் கிளப்புகள் 19-1 என்று ஓட்டுப் போட்டு மறுத்துவிட்டன. கோடு, ஆஃப்சைடு, ஆள் யார் என்ற கேள்விகளை மெஷினிடம் விடுங்கள். மற்றதில், சாதாரண வேகத்தில் ஒருமுறை, வேண்டுமானால் இன்னொரு கோணத்தில் ஒருமுறை, அதில் தவறு துள்ளிக்கொண்டு தெரிந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் மைதானத்தில் சொன்னதே முடிவு என்று விட்டுவிடுங்கள். அது தப்பாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், ஸ்ட்ரைக்கரும்தான் காலியான கோலுக்கு வெளியே அடிக்கிறார்.

அப்புறம், அவர்கள் பேசுவதை நாங்கள் கேட்க வேண்டும். கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் பேசுவதைக் கேட்கிறோம், ரக்பியிலும் கேட்கிறார்கள். ஃபிஃபா (உலகக் கால்பந்து அமைப்பு) நடத்தும் போட்டிகளில் 2023-இல்தான் நடுவர் மைக்கில் முடிவைச் சொல்ல ஆரம்பித்தார், அதுவும் முடிவை மட்டும், விவாதத்தை அல்ல. 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோல் ஞாபகம் இருக்கும். ஆஃப்சைடு இல்லை என்று கேமரா சரியாகவே காட்டியது, ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வி.ஏ.ஆர். அறையில் இருந்தவர் "சரிபார்த்தாயிற்று" என்று சொல்லிவிட்டார். உண்மையில் ஆஃப்சைடு என்று கொடி தூக்கியிருந்தார்கள். சில நொடியில் அறையில் இருந்த ரீப்ளே ஆபரேட்டருக்கு உறைத்துவிட்டது, அதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிட்டார்கள். ஒலிப்பதிவைச் சில நாள் கழித்து வெளியிட்டார்கள். அதை ஆட்டத்தின் போதே அரங்கம் கேட்டிருந்தால், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அறுபதாயிரம் பேர் கத்தித் திருத்தியிருப்பார்கள்.

கடைசியாகக் கட்டுரையில் ஒரு சின்னப் பிழை. 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் அடித்த பந்தைக் கோல் என்று சொன்ன லைன்ஸ்மேனை "ரஷ்யர்" என்று எழுதியிருக்கிறீர்கள். டோஃபிக் பக்ராமோவ் அஜர்பைஜான்காரர். பாக்குவில் ஒரு மைதானத்துக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பந்து கோட்டைத் தாண்டியதா என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
முன்னாள் விசில்காரன்