சேரும் முன்னே ஒரு கைச்சாத்து

செட்டிநாட்டுக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், தேர்வுப் பிரிவில் இருப்பவர்களுக்கும், இந்தப் பக்கம் ஆன்லைன் பட்டத்துக்கு ஆள் சேர்க்கும் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் காரைக்குடி செக்காலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின், அவ்வளவுதான் கடை. நான் கல்லூரி வாசலை மிதித்து முப்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் உங்கள் விண்ணப்பப் படிவங்களை உங்களைவிட அதிகமாகப் படித்தவன் நானாகத்தான் இருப்பேன். பள்ளத்தூரிலிருந்து, கோட்டையூரிலிருந்து, புதுவயலிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். "அண்ணே, இதுல என்ன போடணும்?" என்று கேட்பார்கள். நான் போடுவேன். தப்பாகப் போட்டால் திட்டும் எனக்குத்தான்.

ஒரு கல்லூரியில் படித்ததை இன்னொரு இடத்தில் ஏற்பது பற்றித்தான் இந்தக் கடிதம். என் அக்கா மகள் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்குள்ள ஒரு கல்லூரியில் பி.காம். நான்கு பருவம் முடித்தாள், அரியர் ஒன்றும் இல்லை. அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. மீதி ஒரு வருஷத்தை ஆன்லைனில் முடித்துவிடலாம் என்று வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றை விசாரித்தாள். போனில் பேசிய பெண், "உங்க கிரெடிட் எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆயிடும் மேடம், நேரா மூணாவது வருஷம்தான்" என்றாள். கிரெடிட் என்பது முடித்த ஒவ்வொரு தாளுக்கும் கணக்கில் சேரும் மதிப்பு. என் கடையில் உட்கார்ந்துதான் பணம் கட்டினோம். ரசீது அடித்துக் கொடுத்ததும் நான்தான்.

ஆறு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. அவள் மதிப்பெண் பட்டியலில் இருந்த 92 கிரெடிட்டில் 44 மட்டும் ஏற்கப்படுமாம். மறுபடி முதல் வருஷத்து இரண்டாம் பருவத்திலிருந்து படிக்க வேண்டுமாம்.

ஏன் என்று நான் துருவிப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை வேறு வேலை கிடையாது. முதலில் தெரிந்தது, அந்தப் பெண் சொன்னது சட்டப்படியே நடக்காத காரியம் என்பது. மாணவர்களின் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கிக்காக 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வெளியிட்ட விதிமுறையின்படி, பட்டம் கொடுக்கிற நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டையாவது படித்துச் சம்பாதித்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 60ஐ அங்கேதான் எடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு முடித்துவிட்டுப் போனாலும் பாதிக்கு மேல் கொண்டுபோக வழியில்லை. ஆக, "நேரா மூணாவது வருஷம்" என்ற பேச்சே பொய். தெரிந்து சொன்ன பொய்யா, தெரியாமல் சொன்னதா, அது அவர்களுக்கே வெளிச்சம்.

சரி, 60 வரை எடுத்திருக்கலாமே, 44 ஏன்? இங்கேதான் நம் ஊர்ச் சமாசாரம் வருகிறது. தமிழ்நாட்டுப் பட்டப்படிப்பில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் துணைப்பாடமும், நான்கில் சுற்றுச்சூழல் கல்வியும் விழுமியக் கல்வியும், ஐந்தில் என்.எஸ்.எஸ். மாதிரி விரிவாக்கப் பணி. இப்படியெல்லாம் சேர்த்துப் பல பல்கலைக்கழகங்களில் 140 கிரெடிட் வரும். தேசிய அளவில் இப்போது பேசப்படும் கணக்கு மூன்று வருஷத்துக்கு 120. அந்த வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் பகுதி ஒன்று என்ற பேரே இல்லை. நான்கு பருவம் படித்த தமிழை எந்தத் தாளுக்கு ஈடாக வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, தள்ளிவிட்டார்கள். பகுதி நான்கும் ஐந்தும் அப்படியே போயிற்று. வணிகச் சட்டமும் அடக்கவிலைக் கணக்கும் போனதற்குக் காரணம் வேறு. பாடத்திட்டத்தின் சான்றொப்பமிட்ட நகல் கேட்டார்கள். அவள் சேர்ந்த வருஷத்துப் பாடத்திட்டம் கல்லூரி இணையதளத்தில் இல்லை. புதியது வந்ததும் பழையதை எடுத்துவிட்டார்களாம். அலுவலகத்தில் மூன்று தடவை கேட்டு, நகல் கைக்கு வந்தபோது கெடு முடிந்திருந்தது.

இந்த மண்ணுக்குக் கணக்கு எழுத யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பாவைப் பெற்ற ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். ஐந்தொகை போடும்போது காலணா இடித்தால்கூட, அது எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை விடிய விடிய உட்கார வேண்டும் என்பார். ரங்கூனில் பணத்தைக் கொடுத்து உண்டியல், அதாவது பணம் கொடுக்கச் சொல்லி எழுதிய சீட்டு, வாங்கிக்கொண்டு வந்தால், காரைக்குடிக் கடையில் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுப்பார்கள். இரண்டு கடையிலும் பேரேடு ஒரே முறையில் எழுதப்பட்டதும், இந்தக் கடைக்காரரின் கையெழுத்தை அந்தக் கடைக்காரர் மதித்ததும்தான் அதற்குக் காரணம். கிரெடிட் டிரான்ஸ்ஃபரும் ஓர் உண்டியல்தான். என்ன, நீங்கள் எழுதித் தருகிறீர்கள், எதிர்க்கடையில் ஏற்பார்களா என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பணம் கட்டிய பிறகுதான் தெரிகிறது.

கிரெடிட் வங்கிக்கு வருகிறேன். ஏபிசி ஐடி என்று பிள்ளைகள் கேட்கும் அந்த வங்கியின் பன்னிரண்டு இலக்கக் கணக்கு எண்ணை டிஜிலாக்கரில் எடுத்துக் கொடுப்பது எனக்குத் தினசரி வேலை. அதை ஏதோ ஏடிஎம் கார்டு என்று அவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் சுழியம். "அண்ணே, நாலு செமஸ்டர் பாஸ் பண்ணிட்டேன், ஜீரோ காட்டுது!" மாணவன் தானாக அதில் ஒன்றும் போட முடியாது, கல்லூரியோ பல்கலைக்கழகமோதான் ஏற்ற வேண்டும் என்று நான் ஒவ்வொருவருக்கும் விளக்குகிறேன். அந்த வரவுக்குப் பொதுவாக ஏழு வருஷம்தான் ஆயுள் என்பதையும், ஒரு பட்டத்துக்காக எடுத்த கிரெடிட் அந்தக் கணக்கிலிருந்து நிரந்தரமாகக் கழிந்துவிடும் என்பதையும் சொல்கிறேன். அதாவது ஒரே தாளைக் காட்டி இரண்டு பட்டம் வாங்க முடியாது. இதையெல்லாம் சேர்க்கை நாளன்றே நீங்கள் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்க்கு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 ஏப்ரலில் யுஜிசி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம்: வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் நேரில் படிக்கலாம், ஒன்று நேரில், ஒன்று தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம், இரண்டுமே தொலைநிலை, ஆன்லைன் என்றும் வைத்துக்கொள்ளலாம். முனைவர் பட்டத்துக்கு இது பொருந்தாது. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அனுமதித்தவர்கள், ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு டி.சி.தான் உண்டு என்பதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. காலையில் இங்கே கல்லூரியில் பி.ஏ. படிக்கும் பையன் ஆன்லைனில் பி.சி.ஏ.வுக்கும் விண்ணப்பித்தால், அங்கேயும் அசல் டி.சி. கேட்கிறார்கள். "இந்தப் பிள்ளை எங்களிடம்தான் படிக்கிறார், டி.சி. எங்களிடம் இருக்கிறது" என்று ஒரு சான்று எழுதித் தாருங்கள் என்றால், அப்படி ஒரு படிவமே இல்லை என்கிறது கல்லூரி அலுவலகம். படிவம் இல்லையென்றால் ஒன்று அடித்துக்கொள்ளக் கூடாதா? நான் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

டி.சி.யைவிடப் பெரிய சங்கதி நேரம். தேசியக் கிரெடிட் சட்டகத்தில் ஒரு வருஷப் படிப்பு என்பது 40 கிரெடிட், 1,200 மணி நேரம். இரண்டு பட்டத்துக்கு 2,400 மணி நேரம். 52 வாரத்துக்கும் வகுத்தால் வாரம் 46 மணி வருகிறது, தீபாவளி பொங்கல்கூட இல்லாமல். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் வீட்டுப் பையன் ஒருவன் வந்தான். காலையில் கல்லூரி, சாயங்காலம் அப்பாவோடு பட்டறை. அவனுக்கு இரண்டு பட்டம் சேர வேண்டும். நண்பன் சேர்ந்திருக்கிறானாம். "தம்பி, உனக்கு எதுக்கு ரெண்டாவது?" என்றேன். "ரெண்டு டிகிரி இருந்தா வேலை சீக்கிரம் கிடைக்கும்லண்ணே" என்றான். அவனிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பேனாவை வைத்துவிட்டு யோசித்தான்.

அவனுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். ஒரு பட்டத்தை ஒழுங்காகப் படி, மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் நல்ல தாளாக ஒன்றிரண்டு எடு. 2021 விதிமுறைப்படி ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் எடுத்தால் கல்லூரி ஏற்கலாம். பன்னிரண்டு வாரத் தாள் ஒன்றை முடித்துத் தேர்வை நேரில் போய் எழுதினால் கிரெடிட் கையில். ஆனால் "ஏற்கலாம்" என்பது "ஏற்பார்கள்" ஆகாது. உன் துறைத் தலைவரிடம் முதலில் கேள், எழுத்தில் வாங்கு. அவன் கேட்டான். "பார்த்துக்கலாம்பா" என்று பதில் வந்ததாம். முதல்வர் ஐயாமார்களே, உங்கள் கல்லூரிகளில் பிள்ளைகள் அதிகம் கேட்கும் வாக்கியம் அதுதான்.

எல்லாருக்கும் இரண்டாவது பட்டம் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பில் இங்கிருந்து சேர்ந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், பி.எஸ்ஸி. கணிதத்தோடு சேர்த்துப் படிக்கிறாள். அந்தப் படிப்பின் அமைப்பு எனக்குப் பிடித்தது: அடிப்படை நிலை முடித்து நின்றால் ஒரு சான்றிதழ், அடுத்து நின்றால் டிப்ளமோ, அப்புறம் பி.எஸ்ஸி., முழுதாக 142 கிரெடிட் முடித்தால் பி.எஸ். பாதியில் விட்டாலும் பாதிக்கான காகிதம் கையில் இருக்கும். இரண்டாவது பட்டத்தை எடை போடும்போது பிள்ளைகள் கேட்க வேண்டியது இதைத்தான்: நடுவில் நிறுத்தினால் என்ன மிஞ்சும்?

வேலைக்குப் போகிற இடத்தில் செல்லுமா என்பது இன்னொன்று. தமிழ்நாட்டில் "இரட்டைப் பட்டம்" என்ற சொல்லைக் கேட்டாலே ஆசிரியர் வீடுகளில் ஒரு பெருமூச்சு வரும். ஒரு பட்டத்துக்குப் பிறகு ஒரே வருஷத்தில் இன்னொரு பட்டம் வாங்கியவர்களின் பதவி உயர்வு வழக்காகி, மூன்று வருஷம் படித்த பட்டத்துக்கு அது ஈடாகாது என்று உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. இப்போதைய ஏற்பாடு வேறு, இரண்டும் முழுக்கால அளவுப் பட்டங்கள். ஆனாலும் சூடு கண்ட பூனைக்குப் பயம் போகாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும். இங்கே தமிழ்வழியில் பி.ஏ. வரலாறு இரண்டு வருஷம் படித்துவிட்டு, மீதியை ஆங்கிலவழி ஆன்லைனுக்கு மாற்றிக்கொள்கிற பிள்ளைக்கு, தான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று யார் சொன்னார்கள்? போனில் பேசுகிற அந்தப் பெண் சொல்ல மாட்டாள்.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பிள்ளை பணம் கட்டும் முன், பழைய கல்லூரியும் புதிய பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பக்கக் கைச்சாத்து கொடுக்க வேண்டும். இந்தத் தாள், இத்தனை கிரெடிட், எங்களுடைய எந்தத் தாளுக்கு ஈடு, எது தள்ளுபடி, மீதி எவ்வளவு, பயிற்றுமொழி எது, எத்தனை பருவம் ஆகும். கீழே ஒரு பேரும் கையெழுத்தும் தேதியும். அந்தக் காலத்தில் வட்டிக்கடையில் மேலாள் என்று ஒருவர் இருப்பார், எந்தக் கேள்வியானாலும் அவர்தான் பதில். உங்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் கிரெடிட்டுக்கென்று ஒரு மேலாள் வேண்டும். பழைய பாடத்திட்டங்களை அவர் பீரோவில் வைத்திருக்க வேண்டும். தேர்வு முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் கிரெடிட்டை வங்கியில் ஏற்றும் பொறுப்பும் அவருடையது. அதற்குக் கட்டணம் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். 48 கிரெடிட் போவதைவிட நூறு ரூபாய் போவது மேல்.

அழகப்பச் செட்டியார் 1947இல் இங்கே கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அப்படி எழுதிக்கொடுத்த ஊரில் இருந்துகொண்டு நான் கேட்பது ஏ4 தாளில் ஒரு பக்கம்.

அக்கா மகள் திருப்பூரில் இப்போது மூன்றாம் பருவத் தேர்வுக்குப் படிக்கிறாள். கைக்குழந்தை வேறு. அடக்கவிலைக் கணக்கை இரண்டாவது தடவையாகப் படிக்கிறாள்; இந்த முறை மதிப்பெண் கூட வரும் என்கிறாள், சிரித்துக்கொண்டே. நான் மேலே சொன்ன கைச்சாத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் தட்டச்சு செய்து கடை மேசையில் வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்திலிருந்து யாரையாவது அனுப்புங்கள், பென்டிரைவில் போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை அரைநாள்.

இப்படிக்கு,
செக்காலை ஜெராக்ஸ் கடைக்காரன்