சிவப்பு வட்டத்துக்குள் இரண்டு புள்ளி

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்பு மகளுக்கு,

வீடு வந்து நான்கு நாளாகிறது. சப்பாத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணை இன்றைக்குத்தான் கழுவினேன். போனில் பேசினால் நீ வேலை அவசரத்தில் இருப்பாய், நானும் பாதியை மறந்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீயும் நானும் சேர்ந்து போக வேண்டிய ஆப்பிரிக்கப் பயணம். லீவு கிடைக்கவில்லை என்றதும் "நீங்களாவது போயிட்டு வாங்கம்மா" என்றாய். ஒரு நாள் நீ போவாய் அல்லவா, அதற்காகச் சிலது சொல்லிவைக்கிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றி எங்கள் ஏஜென்ட் கடைசி நேரத்தில்தான் வாய் திறந்தார். கென்யாவிலிருந்து திரும்புகிறவர்களிடம் நம் விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அது செல்லும். 60 வயது தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு வரும் ஆபத்து கூடுதல் என்பதால், குழுவில் இருந்த ஓர் அண்ணனை டாக்டர் ஏகப்பட்ட கேள்வி கேட்டுத்தான் ஊசி போட்டார். நீ ஒரு மாதம் முன்னாலேயே போட்டுக்கொள். அப்புறம், பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம். கென்யாவில் 2017-லும் தான்சானியாவில் 2019-லும் தடை செய்துவிட்டார்கள். கட்டிவைத்திருந்த இட்லிப் பொடியை எல்லாம் புறப்படும் அன்று காலையில் டப்பாவுக்கு மாற்றினேன்.

நாங்கள் பன்னிரண்டு பேர், இரண்டு வண்டி. நைரோபியில் ஏறி, தான்சானியாவுக்குள் நுழையும் நமங்கா எல்லையில் இறங்கி முத்திரை வாங்கி, அருஷா வழியாக மேலே போனோம். சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை. உகாலி என்று மக்காச்சோள மாவில் கிண்டித் தருகிறார்கள். நம் களியேதான், நிறம் மட்டும் வெள்ளை. கூடவே கீரை வதக்கல். சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்தி என்றுதான் பெயர். சிங்கத்துக்கு சிம்பா. மலாயில் சிங்கா, நமக்குச் சிங்கம். டிரைவர் "சிம்பா" என்றதும் யாரும் விளக்கம் சொல்லாமலே எல்லாத் தலையும் திரும்பிவிட்டது.

செரெங்கெட்டியை நீ டிவியில் நிறையப் பார்த்திருப்பாய். நான் சொல்ல வந்தது இங்கோரோங்கோரோவைப் பற்றி. இருபது லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய எரிமலை தனக்குள்ளேயே இடிந்து விழுந்து உண்டான பள்ளம் அது. 600 மீட்டர் ஆழம், தரை மட்டும் 260 சதுர கிலோமீட்டர். நாங்கள் தங்கிய விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம். தீபகற்ப மலேசியாவிலேயே உயரமான நம் குனோங் தாஹான் மலைகூட 2,187 மீட்டர்தான். கேமரன் மலைக் குளிர் எனக்குப் பழக்கம் என்று நினைத்துப் போனேன். ராத்திரி போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்துத் தந்தார்கள், அதைக் கட்டிக்கொண்டு படுத்தும் பல் தந்தியடித்தது.

விடியற்காலையில் கீழே இறங்கினோம். மேலே ஒரே பனிமூட்டம், முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பாதி இறக்கத்தில் மூட்டம் விலகியது. கீழே புல்வெளி, ஒரு ஏரி, வரிக்குதிரைக் கூட்டம். உள்ளே ஒட்டகச்சிவிங்கி மட்டும் கிடையாதாம். சுவர் அவ்வளவு செங்குத்து, அதற்குத் தீனியாகும் மரமும் குறைவு.

நீ நாலாம் ஆண்டில் காண்டாமிருகப் படங்களை வெட்டி ஒட்டி ஒரு நோட்டு வைத்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அது இன்னும் அலமாரியில் இருக்கிறது. 2019 நவம்பரில் சபாவில் நம் கடைசிக் காண்டாமிருகம் இமான் செத்த அன்று நீ பெர்த்திலிருந்து கூப்பிட்டு அழுதாய். மே மாதம் ‘தாம்’ என்ற ஆண் காண்டாமிருகம் போனது, இப்போது இதுவும் போய்விட்டது, இனி நம் நாட்டில் ஒன்றுகூட இல்லையம்மா என்றாய். அன்றைக்கு எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு மிருகத்துக்காக இவ்வளவு அழ வேண்டுமா என்றுகூட மனசுக்குள் நினைத்தேன். அதை இப்போது உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பள்ளத்தில் 1960-களில் நூற்றுக்கு மேல் கறுப்புக் காண்டாமிருகம் இருந்ததாம். கொம்புக்காகக் கொன்று கொன்று, 1990-களின் தொடக்கத்தில் இருபதுக்கும் கீழே வந்துவிட்டது. அதன் பிறகு காவலர்கள் ராப்பகலாகக் காத்து மெல்ல மெல்லப் பெருக்கியிருக்கிறார்கள். டிரைவர் தம்பி இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று என்ஜினை அணைத்தார். வண்டி பாதையை விட்டு இறங்கக் கூடாது, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நின்ற இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். பைனாகுலரை ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று கை மாற்றினோம். என் முறை வந்தது. புல்லுக்கு மேலே முதுகு தெரிந்தது, அப்புறம் இரண்டு கொம்பு. ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது, உடம்பு அசையவே இல்லை. அதன் பின்னால் புல்லை விலக்கிக்கொண்டு ஒரு கன்று வந்தது. கறுப்பு இனத்தில் கன்று தாய்க்குப் பின்னால் நடக்கும், வெள்ளை இனத்தில்தான் முன்னால் போகும் என்றார் டிரைவர். உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்போதுதான் தெரியும். என் ஒரு நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் அழுவதைப் பார்த்து யாரும் பைனாகுலரைத் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றைக்கு நீ அழுததற்கு நான் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம், பாப்பா.

என் போனில் எடுத்த படத்தை பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். புல்லும் வானமும்தான் தெரியும். நடுவில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். பெரிய புள்ளி தாய். பின்னால் ஒட்டினாற்போல் இருக்கிறதே, அது கன்று. தூசி என்று நினைத்துத் துடைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா