எஞ்சின் வேலையா, புது வண்டியா? லாரி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"வண்டி ஆயில் குடிக்குது, புகை தள்ளுது, எஞ்சினை இறக்கினா எவ்வளவு ஆகும்?" பழைய வண்டியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். எங்கள் பதில்: எஞ்சினைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகம், அடுத்து சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), அதற்கப்புறம் வண்டி ஓடுகிற ரூட்டு. இந்த மூன்றும் தேறினால் எஞ்சினுக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். இதில் ஒன்று தேறாவிட்டாலும், எஞ்சின் எவ்வளவு அருமையாக அமைந்தாலும் போட்ட பணம் திரும்பாது. எஞ்சின் வேலைதான் எங்கள் பிழைப்பு. இருந்தாலும் சேஸ் போன வண்டிக்கு எஞ்சின் கட்டிக் கொடுப்பதில் எங்களுக்குச் சம்மதமில்லை.

2017 மார்ச் 31 வரை விற்ற பி.எஸ்.3 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டிகள்தான் இப்போது இந்தக் கேள்விக்கு வந்து நிற்கின்றன. புது லாரிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18-ஆக இறங்கியதால் ஷோரூம் பக்கம் மனசு போவதும் இயல்பு.

ஆர்.சி.யில் முதலில் பார்க்க வேண்டியது வயது. ஆறு சக்கர வண்டி, அதாவது இரண்டு ஆக்சில், 12 வயதைத் தாண்டினால் நேஷனல் பர்மிட் (வெளிமாநிலம் ஓட்டும் அனுமதி) கிடையாது. பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் போன்ற மல்டி ஆக்சிலுக்கு 15 வயது. மத்திய மோட்டார் வாகன விதி 88 சொல்வது இதுதான். நம் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. தொப்பூர் ஏறிக் கிருஷ்ணகிரி போனால் ஒரு பக்கம் கர்நாடகம், ஒரு பக்கம் ஆந்திரம். கோவை தாண்டினால் கேரளம். 11 வயது ஆறு சக்கர வண்டிக்கு முழு எஞ்சின் வேலை செய்தால், பெங்களூர் வாடகையை வைத்து அந்தச் செலவை எடுக்க உங்கள் கையில் இருப்பது ஒரே வருஷம். அது போதாது. அதே வண்டி ஆத்தூர், நாமக்கல், ஈரோடு என்று மாநிலத்துக்குள்ளேயே ஓடுவதானால் கணக்கு வேறு.

எஃப்.சி. (தகுதிச் சான்று) எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருஷா வருஷம். கட்டணம் வயதோடு ஏறுகிறது, பசுமை வரியும் சேர்கிறது. அன்றைய தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எஃப்.சி.க்காக வண்டி நிற்கும் நாட்களுக்கும் வாடகை போகிறது என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது மொத்த எடை. 2018 ஜூலையில் ஆக்சில் பாரத்தை உயர்த்தினார்கள். பத்துச் சக்கர வண்டி 25 டன்னிலிருந்து 28.5 டன்னுக்குப் போனது. உங்கள் ஆர்.சி.யில் இன்னும் 25 டன் என்றே இருந்தால் புது வண்டிக்காரர் ஒவ்வொரு டிரிப்பிலும் சட்டப்படியே உங்களைவிட அதிகம் ஏற்றுகிறார். ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடச் சேர்ப்பதால் ஆர்.சி.யில் எடை கூடாது. உண்மையில் அது கெடுதல். பட்டை விறைத்துப்போனால் பள்ளத்தில் விழும் அடி ஸ்பிரிங்கில் அடங்காமல், அதைச் சேஸோடு பிணைக்கும் ஹேங்கர் பிராக்கெட் வழியாக நேராகச் சேஸுக்குப் போகிறது.

சேஸைப் பார்க்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், உங்கள் டிரைவரே செய்யலாம். வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டுக் காயவிடுங்கள். கேபினுக்குப் பின்னால் பாடி தொடங்கும் இடம், முன் ஸ்பிரிங்கின் பின் ஹேங்கர், பின் ஆக்சில்களின் பிராக்கெட் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி, சேஸின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கிராஸ் மெம்பர் சேரும் மூலைகள். விரிசல் விழும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். கம்பி பிரஷ்ஷால் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரியவிடுங்கள். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து நன்றாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, ஈரம் போகத் துடையுங்கள். பிறகு சாக்பீஸ் தூளை மேலே பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே ஊறி, வெள்ளைத் தூளில் முடி கிடப்பதுபோல ஒரு கறுத்த கோடு தெரியும். வெறும் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. ரிவெட்டுகளைச் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுகிய ரிவெட் கணீரென்று சத்தம் தரும், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும். தளர்ந்த ரிவெட்டைச் சுற்றிக் குங்குமம் தூவினாற்போல் சிவந்த துருப்பொடி படிந்திருக்கும். இரும்போடு இரும்பு உரசி விழுந்த பொடி அது.

அப்புறம் கோணல். சமதரையில் வண்டியை நிறுத்தி, சேஸின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான புள்ளிகளிலிருந்து தூக்குகுண்டு விட்டுத் தரையில் குறித்துக்கொண்டு, குறுக்குவாட்டில் மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒத்துவர வேண்டும். சில மில்லி வித்தியாசம் பெரிதில்லை. அரை இஞ்சு வந்தால் சேஸ் கோணிவிட்டது. அப்படிப்பட்ட வண்டி நேர் ரோட்டிலும் பக்கவாட்டாக ஓடி டயரைத் தின்னும், அலைன்மெண்ட் எத்தனை முறை பார்த்தாலும் நிற்காது.

சேஸின் நடுச்சுவரில் ஒரு விரிசல் என்றால் சரிசெய்யலாம். விரிசல் முடியும் இடத்தில் ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் தடுத்து, வி வடிவில் சீவி வெல்டு வைத்து, உள்ளே சேனல் பொருத்திப் போல்ட் போட வேண்டும். சேனலின் இரு முனையையும் சாய்வாக வெட்ட வேண்டும். சதுரமாக விட்டால் அந்த முனையிலேயே அடுத்த விரிசல் தொடங்கும். சேஸின் மேல் கீழ் உதடுகளில் (மடிந்த விளிம்புகளில்) குறுக்கே விரிசல் இருந்தாலோ, ஏற்கெனவே யாரோ அங்கே வெல்டு வைத்திருந்தாலோ அந்த வண்டிக்கு எஞ்சின் வேலை வேண்டாம் என்றே சொல்வோம். பாரம் முழுவதையும் இழுத்துப் பிடிப்பது அந்த உதடுதான்.

என்ன லோடு ஏற்றினீர்கள் என்பதும் சேஸில் தெரிந்துவிடும். ஜவ்வரிசி ஆலையிலிருந்து ஈரத் திப்பி (கிழங்குச் சக்கை), தூத்துக்குடி உப்பு, உர மூட்டை ஏற்றிய வண்டிகளில் பாடியின் குறுக்குச் சட்டத்துக்கும் சேஸுக்கும் நடுவில் துரு அடுக்கடுக்காக உரியும். வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தாலும் அந்த இடுக்கில் ஸ்குரு டிரைவரை விட்டுக் குத்திப் பாருங்கள்.

ரூட்டுக்கு வருவோம். ஏற்காடு மலைப்பாதையில் சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவு. காபி, மிளகு, சில்வர் ஓக் மரம் ஏற்றி இறக்கும் வண்டி பாதி நேரம் சின்னக் கியரில்தான் கிடக்கிறது. குவாரியிலிருந்து ஜல்லி அடிக்கும் வண்டியும் அப்படியே: பத்துக் கிலோமீட்டர், நிறுத்தம், மறுபடி பத்துக் கிலோமீட்டர். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளின் சைலன்சர் அமைப்பில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓடி நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். குறுகிய ஓட்டத்தில் எரியாமல் சேர்ந்து, டேஷ்போர்டில் விளக்கு எரிந்து, கடைசியில் எஞ்சின் இழுவையே குறைந்துவிடும். அப்போது ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே மலை லோடு, குவாரி லோடு மட்டும் ஓடுகிறவர்களுக்கு, சேஸ் நன்றாக இருந்தால், மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டியைச் செப்பனிடுவதே சரி என்பது எங்கள் எண்ணம்.

பெங்களூர் ரூட்டுக்கு இதற்கு நேர்மாறு. தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கும்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் பழுத்து பிரேக் லைனர் பிடிப்பே இல்லாமல் போகும். பழைய வண்டியை அந்த ரூட்டில் ஓட்டுவதாக இருந்தால் எஞ்சினுக்கு முன்னால் டிரம், லைனர், ஸ்லாக் அட்ஜஸ்டர், கம்ப்ரசர், எக்ஸாஸ்ட் பிரேக் வேலையை முடியுங்கள். டிரம்மின் உட்புறம் வெப்ப வெடிப்பு விளிம்புவரை ஓடியிருந்தால் கடைசல் பிடித்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இனி எஞ்சின். எல்லாப் புகையும் எஞ்சின் வேலை இல்லை. கறும்புகைக்கு முதலில் ஏர் ஃபில்டர், நோசில், பம்ப் காலிபரேஷன், டர்போ பாருங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், ரேடியேட்டரில் குமிழியும் வந்தால் ஹெட் பக்கம் கோளாறு. ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதன் மேலேயே வையுங்கள். துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் ஊற்றுகிறீர்கள், சூட்டில் ஆயில் பிரஷர் விழுகிறது என்றால் இறக்க வேண்டியதுதான்.

இறக்கினால் அரைகுறை வேலை வேண்டாம். ரிங் மட்டும் மாற்றித் தாருங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. தேய்ந்த லைனர் (எஞ்சினுக்குள் பிஸ்டன் ஓடும் உருளை) வட்டமாக இருக்காது, மேலே அகன்றும் இருக்கும். அதில் புது ரிங் முழுதாகப் படியாது, சில மாதத்தில் ஆயில் மறுபடி குறையும். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு கைடு, ஆயில் பம்ப் எல்லாம் ஒரே தடவையில் போக வேண்டும். கிராங்கை 0.25 மில்லி படிகளாகத்தான் கடைய முடியும். ஏற்கெனவே எத்தனை படி கடைந்திருக்கிறது என்பது பழைய பேரிங்கின் முதுகில் அடித்திருக்கும் எண்ணில் தெரியும். கடைசிப் படியில் இருந்தால் புதுக் கிராங்குக்கான பணத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். லைனர் பிளாக் முகத்தைவிட ஒரு மயிரிழை அளவு உயர்ந்திருக்க வேண்டும். ஆறு லைனரிலும் டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஹெட்டை மூடினால், தாழ்ந்திருக்கும் லைனரில் கேஸ்கட் ஊதும். கம்மின்ஸ் 5.9 லிட்டர் பிளாக்கில் லைனரே கிடையாது. அதில் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும், அல்லது ஸ்லீவ் இறக்க வேண்டும். செகண்ட்ஸ் (பழைய) பிளாக் வாங்கிப் போட்டால் எஞ்சின் நம்பர் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ.விடம் காட்டி ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டால் எஃப்.சி.யிலும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். பில் இல்லாத பிளாக் வேண்டவே வேண்டாம்.

கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆயிலை வடித்துக் காந்தம் வைத்துப் பாருங்கள். மாவு போன்ற தூள் தேய்மானம், சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது.

பணக் கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் பேச்சுக்குத்தான், உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பத்துச் சக்கர வண்டி, மாதம் 10 டிரிப், போய்வர 600 கிலோமீட்டர் என்று வைப்போம். பழையது லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர், புதியது 4. டீசல் 93 ரூபாய் என்றால் மாதம் 214 லிட்டர், ஏறத்தாழ 19,900 ரூபாய் மிச்சம். புது வண்டிக்கு ஆட்புளூ (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) ஊற்ற வேண்டும். டீசலில் 5 சதவீதம், லிட்டர் 60 ரூபாய் என்று 4,500 கழித்தால் 15,400. டிரிப்புக்கு மிகுதி பாரம் 3 டன், டன்னுக்கு 800 ரூபாய் வாடகை என்றால் 24,000. பழைய வண்டிக்கு முழு வேலை 6 லட்சம், அது மூன்று வருஷம் தாங்கும் என்றால் மாதம் 16,700. புதிது வாங்கினால் அந்தச் செலவு இல்லை. மூன்றையும் கூட்டினால் 56,100. எதிர்ப்பக்கம் 30 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருஷம்: மாதத் தவணை சுமார் 63,700. வித்தியாசம் 7,600. வழியில் நிற்காமல் ஓடுவதும், ஐந்து வருஷம் கழித்து வண்டிக்கு இருக்கும் விலையும் அதை ஈடுகட்டிவிடும். புதிது வாங்கலாம்.

அதே வண்டிக்கு மாதம் 6 டிரிப்தான் கிடைக்கிறது என்றால் டீசலில் 9,300, பாரத்தில் 14,400, செப்பனிடும் செலவு 16,700, மொத்தம் 40,400. தவணை குறையாது. மாதம் 23,000-க்கு மேல் கையைக் கடிக்கும். லோடு உறுதியில்லாமல் டவுன் பேமண்ட் கட்டாதீர்கள். ஆறு மாத டிரிப் ஷீட்டை எடுத்து எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள். நல்ல சீசனான ஒரு மாதத்தை மட்டும் எடுத்தால் கணக்கு ஏமாற்றும்.

புது வண்டி என்று முடிவானால், 2025 அக்டோபர் 1 முதல் தயாரான கனரக லாரிகளில் கேபின் ஏ.சி. கட்டாயம் என்பதால், ஷோரூமில் நிற்கும் வண்டி எந்த மாதம் தயாரானது என்று கேட்டு வாங்குங்கள்.

பார்வைக்குக் கொண்டுவருகிறவர்கள் வண்டியைக் காலியாக, கழுவி, முந்தின இரவே நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால்தான் உண்மை தெரியும். ஆர்.சி., பர்மிட், கடைசி எஃப்.சி., ஆறு மாத டிரிப் ஷீட், ஆயில் ஊற்றிய கணக்கு எல்லாம் கையில் இருக்கட்டும். வழக்கமாக ஓட்டும் டிரைவரும் கூட வரட்டும். எந்தக் கியரில் எந்த இடத்தில் சத்தம் வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து,
சேலம்.